ராஜா ஒருமுறை தாண்டலாம்

எங்கள் வீட்டுச் சதுரங்கத்தில் ராஜா ஒருமுறை குதிரையைப் போலத் தாண்டலாம். அதற்கு முன்னால் அவருக்கு யாரும் செக் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் ஒரு கட்டம் நகர்த்துவோம். என் வீட்டுக்காரர் ராஜாவுக்கு முன்னால் நிற்பதை வலது கையாலும் ராணிக்கு முன்னால் நிற்பதை இடது கையாலும் சேர்த்துத் தள்ளுவார், இரட்டைக் கதவைத் திறப்பது போல. சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்று உலகத்தில் ஒரு சட்டம் இருப்பதே எனக்குப் போன வருஷம் வரை தெரியாது.

இந்தச் சட்டமெல்லாம் வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து வந்தது. அவர் அங்கே உப்பு லாரி ஓட்டினார். லோடு ஏற்றும்வரை டிரைவர்கள் வண்டி நிழலில் உட்கார்ந்து ஆடுவார்களாம். மழை மாதங்களில் உப்பெடுப்பு நின்றுவிடும், லாரியும் நின்றுவிடும், அவருக்கு வீட்டில் கை சும்மா இருக்காது. அப்படித்தான் எனக்கு அந்த ஆட்டம் வந்தது. ஒரு யானை தொலைந்துபோய் அந்த இடத்தில் தைல பாட்டில் மூடி நிற்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போனார்கள். நாங்கள் இராமநாதபுரத்துக்கு வீடு மாறி வந்தோம். மூடி இன்னமும் யானையாகத்தான் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூச்சம் எனக்குக் கூடவே பிறந்தது. பஸ்ஸில் என் ஊர் வந்துவிட்டால் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் கூடவே இறங்கித் திரும்பி நடந்து வருவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உப்பு கேட்கமாட்டேன். ஆனால் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கூச்சமே கிடையாது. அவருடைய காயைத் தயங்காமல் வெட்டுவேன். தோற்றதைவிட நான் ஜெயித்ததுதான் அதிகம். ஜெயித்ததும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். காய்களை டப்பாவில் போடுவேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார், கொஞ்ச நேரம் கழித்து வருவார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் நானே சம்பாதித்தது என்று சொல்ல எனக்கு வேறு எது இருந்தது? அந்த வெற்றிகள்தான்.

அதில்தான் அவருடைய சினேகிதர் வந்து மண்ணைப் போட்டார்.

அவர் பெரியபட்டினத்துக்காரர், உப்பளத்தில் கூட லாரி ஓட்டியவர். போன வருஷம் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் எங்களைப் பார்க்க வந்தார். நாங்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தோம். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தோற்கிற நிலையில் இருந்தார்.

"என்ன மச்சான், தங்கச்சி உன்னயப் பிழிஞ்சு காயப் போட்டிருக்கு?"

"நல்லா ஆடுவா," என்றார் இவர்.

"நல்லா ஆடுறதா? தங்கச்சி, உனக்குத் தெரியாது. அல்லா அறியச் சொல்றேன், உப்பளத்துல இவன ஒருத்தன் ஜெயிச்சது கெடையாது. லோடுமேன்ல இருந்து கங்காணி வரைக்கும் ஆடிப் பாத்துட்டானுக. அப்பேர்ப்பட்டவன் உன்கிட்ட எப்படித் தோக்குறான்?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்ல புருசன்."

இவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

சினேகிதர் போன பிறகு அந்த ஆட்டத்தை முடித்தோம். நான்தான் ஜெயித்தேன். வழக்கம்போல அவர் எழுந்து வெளியே போனார். நான் அடுப்படிக்குப் போனேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. வெளியே போய் அவர்தான் சிரிக்கிறாரோ என்று தோன்றிவிட்டது. இத்தனை வருஷமாகக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போல எனக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்று சிரித்திருக்கிறாரோ?

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பழைய சாமான் எல்லாம் வெளியே வந்து விழும். என் முறை வரும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார். நான் தவறாக வைக்கப் போகிறேன் என்றால் தொண்டையைச் செருமுவார். ராணியைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு, "அடடா, கவனிக்கலையே" என்பார். அந்த "அடடா"வை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தேன். உப்பளத்தில் யாரும் ஜெயிக்க முடியாத ஆள், ராணியைப் போய்க் கவனிக்காமல் விடுவாரா?

சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் நானே வேண்டுமென்று என் ராணியை அவர் யானைக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். அவர் உடனே வெட்டினார்.

"கண்ணு தெரியலையா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிருவோம்," என்றார்.

இதில் எனக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கிறவர் அதை மறைப்பதற்காக நடுவில் ஒன்றிரண்டு வெட்டத்தானே செய்வார்.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். "இல்லை" என்று சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கடைசி மகள் இராமேஸ்வரத்தில் நடக்கிற போட்டிக்கு எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டாள். வயது வித்தியாசம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாமாம். "அம்மா, வயசானவங்களுக்குத் தனிக் கப்பு இருக்கு. அய்யாவும் நீயும் தெனமும் அடிச்சுக்கிறத அங்கன போய் அடிச்சுக்கங்க," என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் நான் எங்கே போய் உட்கார? ஆனால் மனதுக்குள் வேறொரு எண்ணம் ஓடியது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எனக்கு விட்டுக்கொடுக்க யாருக்கும் காரணம் கிடையாது. அங்கே ஒரு ஆட்டம் ஜெயித்தால் அது என்னுடையது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மகள் வந்து எங்களுக்கு நிஜச் சட்டங்களைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு முறைக்கு ஒரு காய்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ராஜா தாண்டக் கூடாது. அதற்குப் பதிலாக ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். சட்டத்தை மீறினால் எதிராளிக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை மீறினால் ஆட்டமே போய்விடும். இவர் கோட்டை கட்டுவதை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாதது போல நடிக்கிறாரோ என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகு அவர் போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"என்ன அது?"

"சும்மா, வானிலை."

"வானிலைய எதுக்குக் கவுத்தி வைக்கிறீங்க?"

"கண்ணு கூசுது."

போட்டி அன்று காலையில் பஸ்ஸில் போனோம். பாம்பன் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கடல் இரண்டு பக்கமும் பச்சையாகக் கிடந்தது. இவர் மட்டும் திரும்பவில்லை. அவர் விரல்கள் முழங்காலின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன, குறுக்காக ஒரு இழுப்பு, நேராக ஒரு இழுப்பு. ஆளில்லாத பலகையில் யாரோடு ஆடுகிறார்? எனக்குக் காட்டாத ஆட்டம் ஒன்று அந்த விரல்களில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

யாத்திரைக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியின் பெரிய கூடத்தில்தான் போட்டி. நீளமான மேஜைகள், வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரட்டை முகக் கடிகாரம். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நரைத்த தலை கொஞ்சம்தான். சேலை கட்டிய கிழவி நான் ஒருத்திதான். பிள்ளைகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு பலகையை மட்டும் பார்த்தேன்.

முதல் சுற்றில் ஒரு கல்லூரிப் பையனிடம் தோற்றேன். அவன் கோட்டை கட்டினான், நான் கட்ட மறந்துவிட்டேன். இவர் வேறு வரிசையில் ஆடினார். அவரும் தோற்றார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரிடம், எப்படி என்று கேட்டதற்கு, "ஒரு பொடுசு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இரண்டாவது சுற்றில் நான் ஜெயித்தேன். எதிரில் ஒரு பாங்கு ஊழியர், என்னைப் பார்த்ததும் அலட்சியமாக ஆடினார், முடிந்ததும் என் கையைக் குலுக்கினார். அந்நிய ஆண் கையைக் குலுக்கியதில் வந்த கூச்சத்தில் ஜெயித்த சந்தோஷத்தைக்கூடச் சரியாக அனுபவிக்கவில்லை. இவரும் இரண்டாவது சுற்றில் ஜெயித்திருந்தார்.

சம புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்ப்பார்களாம். மூன்றாவது சுற்றின் ஜோடிகளை ஒட்டியதும் மகள் போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஒனக்கு யாரு தெரியுமா? அய்யா!"

நடுவராக இருந்தவள் சின்ன வயசுப் பெண், கழுத்தில் அட்டை தொங்கியது. எங்கள் மேஜைக்கு வந்து, "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஒரே அடுப்பு," என்றார் இவர்.

அவள் சிரிக்கவில்லை. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. சொந்தக்காரங்க ஜோடி சேந்தா ஒருத்தர் ஒருத்தருக்குப் புள்ளிய விட்டுக் குடுத்துருவாங்க. முன்னாடி புகார் வந்திருக்கு. நான் பக்கத்துலதான் நிப்பேன்," என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம் போல ஆகிவிட்டதே! நான் குனிந்தபடி இவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "விட்டுக் குடுத்தீங்கன்னா இனிமே நான் உங்களோட ஒக்காந்து ஆடவே மாட்டேன்."

"ஆட்டத்துல பேசக் கூடாது," என்றார் அவர்.

அவருக்கு வெள்ளை. கடிகாரத்தை அழுத்தினேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். ராஜாவின் சிப்பாய், ராணியின் சிப்பாய், இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம் தள்ளினார், கடிகாரத்தையும் அழுத்திவிட்டார்.

நடுவர் உடனே கடிகாரத்தை நிறுத்தினாள். "ஐயா, ஒரு காய்தான்! இது மொதல் தப்பு. இன்னொரு தடவை செஞ்சா ஆட்டம் போயிரும்."

"அடடா," என்றார் இவர். "கவனிக்கலையே."

அந்த "அடடா"வைக் கேட்டதும் என் உடம்பு எரிந்தது. காலையிலிருந்து இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார், இரண்டிலும் சரியாகத்தானே தொடங்கியிருக்கிறார்? நான் எதிரில் உட்கார்ந்ததும் மட்டும் எப்படி மறந்துபோனது? இன்னொரு தப்பு செய்தால் ஆட்டம் எனக்கு வந்துவிடும். யாரும் கேட்கவும் முடியாது, கிழவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று விட்டுவிடுவார்கள். நல்ல வழியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். தொட்ட சிப்பாய்களில் ஒன்றை நகர்த்தச் சொன்னாள் நடுவர். இவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தார். நானும் என் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தேன், அவருக்கு எதிரே முட்டிக்கொண்டு நின்றது. அடுத்து அவர் மந்திரியைக் குறுக்காக வெளியே கொண்டுவந்தார். நான் ராணிப் பக்கத்துக் குதிரையை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்து எனக்குத் திகைப்பாகிவிட்டது. ராணியை ஒரே இழுப்பில் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் அவர் ஒருநாளும் இப்படித் தொடங்கியதில்லை. சிப்பாய்களை ஒவ்வொன்றாக ஊர விட்டு, ராணியைக் கடைசியில்தான் எழுப்புவார். இங்கே எடுத்த எடுப்பில் ராணியை நடுரோட்டில் நிறுத்திவிட்டாரே? என்னுடைய இன்னொரு குதிரையை எடுத்து வைத்தால் அந்த ராணிக்கு நேராக அடி விழும். என் கை குதிரை வரைக்கும் போய்விட்டது.

அங்கேயே நின்றது. இதையும் கொடுக்கிறார் என்று தோன்றியது. முதலில் தப்பு நகர்வு, இப்போது ராணி. நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாக்கும்! கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் கொடுப்பதை வாங்காமல் வேறு என்ன ஆடலாம் என்று பலகையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அவருடைய ராணியும் மந்திரியும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை. நான் குதிரையை வைத்திருந்தால் ராணி அந்தச் சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கும். அவ்வளவுதான், அதோடு ஆட்டம் முடிந்திருக்கும்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வலையைப் பார்க்கிறவர் மாதிரி.

ஓரத்துச் சிப்பாயை விட்டு அதற்கு அடுத்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியின் வழியை அடைத்தேன். அவர் ராணியைப் பின்னால் இழுத்து, வேறு பக்கத்திலிருந்து அதே இடத்துக்குக் குறி வைத்தார். இப்போது குதிரையை நடுவில் வைத்துத் தடுத்தேன்.

கொடுக்கிறவர் இப்படிக் கழுத்தைப் பிடிப்பாரா? மாட்டார். அப்படியென்றால் நான் நிம்மதியாக வேண்டும்தானே? ஆகவில்லை. சந்தேகம் அடுத்த பக்கம் புரண்டு படுத்துக்கொண்டது. நாலே நகர்வில் ஆளை முடிக்கிற வித்தை தெரிந்தவர் இத்தனை வருஷம் வீட்டில் ஏன் ஒருநாளும் அதை வைக்கவில்லை? உப்பளத்தில் எல்லோரையும் ஜெயித்தது இப்படித்தானா? எனக்கு மட்டும் ஊரும் சிப்பாய்களைக் காட்டிவிட்டு, நிஜ ஆட்டத்தை ஒளித்து வைத்திருந்தாரா? இங்கே நடுவர் பக்கத்தில் நிற்பதால் வேறு வழியில்லாமல் வெளியே எடுத்துவிட்டார். இன்றைக்கு அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், வீட்டில் விட்டுக்கொடுத்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் நஷ்டம்.

அழுகை வந்தது. அங்கே எப்படி அழுவது? ஆடினேன்.

நன்றாகவே ஆடினேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தோன்றுகிறது. மந்திரியை வெளியே கொண்டுவந்தேன். அவர் குறி வைத்த சிப்பாய்க்குக் காவலாக ஓரத்து யானையை ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவரும் குதிரையை எடுத்து வைத்து, கறுப்புக் கட்டத்து மந்திரியை நீட்டி, நடுவில் நின்ற என் குதிரையை மிரட்டினார். குதிரைக்கு இன்னொரு காவல் வேண்டும். எப்படி வைக்கலாம் என்று பார்த்தேன். யானை உள்ளே வந்துவிட்டது, யானைக்கு அப்பால் முன்வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, ராஜா அங்கே போனால் குதிரைக்கும் காவல், தனக்கும் மறைவு. வீட்டில் எத்தனையோ தடவை செய்ததுதான். ராஜாவை எடுத்து, யானைக்கு மேலாகத் தாண்டி அங்கே வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன்.

வைத்தது எனக்குத் தெரியவே இல்லை. தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. எதிரில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் மந்திரி என் குதிரையை மிரட்டுகிறது, நான் தாண்டினேன். என் கைக்கு அது வீடுதான்.

நடுவர் அந்த நேரம் பக்கத்து மேஜையில் ஏதோ தகராறு என்று திரும்பியிருந்தாள். அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. இவர் மட்டும்தான் பார்த்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடிகாரத்தை நிறுத்தினார். கையை உயர்த்தினார்.

"அம்மா, இங்கன வாங்க! இவ ராஜா குதிர மாதிரித் தாண்டிருச்சு!"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சில பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, ராஜாவைப் பழைய இடத்தில் வைத்தாள். "பாட்டி, ராஜாவத் தொட்டுட்டீங்க. ராஜாவத்தான் நகத்தணும்." அவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தாள். ராஜாவைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் என் ராணி, ஒரு பக்கம் என் யானை, முன்னால் சிப்பாய்கள். காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம், நேர் முன்னால், நடுவெயிலில். யானையை முன்பே நகர்த்திவிட்டதால் கோட்டை கட்டவும் வழியில்லை.

அங்கேதான் வைத்தேன். இவர் அரைக் கணமும் யோசிக்கவில்லை. குதிரையைப் பாய்ச்சி செக் என்றார். நான் பின்னால் போனேன். குதிரை என் குதிரையை வெட்டி மறுபடி செக். நான் முன்னால் வந்தேன். குதிரை விலகியதும் பின்னாலிருந்த மந்திரியும் சேர்ந்து செக். நான் ஓடினேன். மந்திரி என் ராணியை எடுத்தது. எடுக்கும்போது அவர் மூக்கு விடைத்திருந்தது. எனக்கு அந்த மூக்கு தெரியும். லாரியை மேட்டில் ஏற்றும்போது அப்படித்தான் விடைக்கும். முடிவு வரைக்கும் ஆடினேன். அவர் இரக்கப்படவே இல்லை.

கை குலுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு யோசனை ஓடியது. நான் தாண்டியபோது என் மனதில் தந்திரம் எதுவும் இல்லை. அப்படியென்றால் அவர் இரண்டு சிப்பாய்களைத் தள்ளியபோதும் இருந்திருக்காதோ? காலையிலிருந்து அந்நியர்களோடு சரியாக ஆடியவருக்கு, என்னைப் பார்த்ததும் கை வீட்டுக்குப் போய்விட்டதோ?

மேஜையை விட்டு எழுந்தோம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி ஓடி வந்து இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, என்னோட ஓப்பனிங்க வச்சீங்கதானே? நான் பாத்தேன்! நான் உங்கள நாலு மூவ்ல முடிச்சேன்ல, அதே!"

"போ தாயி, போய் ஆடு," என்று அவர் அவளைத் தள்ளிவிட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

மகள் சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டாள். "அந்தப் புள்ளகிட்டதான் காலைல தோத்தாரு. சாப்பாட்டு நேரத்துல அதக் கூப்பிட்டு வச்சு எப்படி வச்சன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரும்மா."

"அப்ப போன்ல?"

"போன்ல கம்ப்யூட்டரோட ஆடுவாரு. ஆகக் கம்மியான லெவல்ல வச்சுக் குடுத்திருந்தேன். அதுலயும் தோத்துத் தோத்து, நீ வந்தா வெக்கப்பட்டு மூடிருவாரு."

அன்று வயசானவர்களுக்கான கப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை, அது மதுரையிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். பாலத்தில் காற்று அடித்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னேன்:

"கட்டுன பொண்டாட்டியக் காட்டிக் குடுத்துட்டீங்களே. அந்தப் பொண்ணு பாக்கக்கூட இல்ல."

"அங்கன பொண்டாட்டி ஏது? கறுப்புக் காய்தான் இருந்துச்சு."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ஜெயிக்கிற ஆட்டத்த விட்டுட்டு வரச் சொல்றியா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கேட்டேன். கேட்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "வீட்டுல விட்டீங்களா?"

"என்னத்த?"

"ஆட்டத்த. எனக்கு விட்டுக் குடுத்தா ஆடுனீங்க? உங்க சினேகிதர் சொன்னாருல்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கோபமாக அவர் என்னைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. "அவன் கெடக்கான். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து பாதித் தூக்கத்துல ஆடுனவனுக. அவனுகள ஜெயிக்கிறது ஒரு காரியமா? ஏ புள்ள, தோத்துட்டு நான் எந்திரிச்சு வெளிய போறேன்ல, எதுக்குன்னு நெனச்ச?"

சிரிக்கப் போகிறார் என்று நினைத்ததைச் சொல்ல முடியுமா?

"வயித்தெரிச்சல் தாங்காமத்தான் போவேன். முன்ன பீடி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல, சும்மா நின்னுட்டு வாரேன்."

பஸ் மண்டபம் ஊரைத் தாண்டியது. எனக்குப் பசித்தது, மடியிலிருந்த வேர்க்கடலையை எடுத்து அவருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் பலகையைப் போட்டோம். எங்கள் சட்டப்படி. அவர் இரண்டு கைகளாலும் இரண்டு சிப்பாய்களைத் திறந்தார், நானும் திறந்தேன். என் ராஜா தாண்டியது, அவர் ராஜாவும் தாண்டியது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது அவர் ராணியைக் கொண்டுவந்து என் தைல பாட்டில் மூடிக்கு நேராக வைத்தார். பின்னால் காவல் இல்லை.

நான் வெட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு வச்சீங்களா, தெரியாம வச்சீங்களா?"

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். முகம் மாறியது. "அடடா! இரு, இரு, இன்னும் முழுசா வைக்கல," என்று ராணியின் மேல் கையைக் கொண்டுபோனார்.

நான் கையை உயர்த்தினேன். என் வாழ்நாளில் யாருக்கு முன்னாலும் நான் கையை உயர்த்தியவள் இல்லை. "நடுவரம்மா, இங்கன வாங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிற்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, மூடியால் ராணியை வெட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். நான் காய்களை டப்பாவில் போடவில்லை, அடுப்படிக்கும் போகவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் நின்று எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.